நகராத பச்சைப் புள்ளி

பச்சைப் புள்ளி நகரவில்லை. கூடுவாஞ்சேரி அலுவலகத்தில் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் மட்டும் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் புள்ளி என் அண்ணனின் படகு. விடியலில் கடப்பாக்கத்திலிருந்து மீன்பிடித் தொழிலுக்குப் போனவர். எங்கள் நிறுவனம் செய்த பெட்டியைச் சோதிக்க ஒரு படகு வேண்டும் என்றார்கள். அண்ணன் படகில் கொண்டுபோய் மாட்டியவள் நான்தான்.

பெட்டியைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் பயம் புரியாது. படகு எங்கே இருக்கிறது என்று ஒரு கருவி கண்டுபிடிக்கும். ஒரு புரோகிராம் அதை வாங்கி, இயங்குதளத்தின் அடிமட்டமான கெர்னலுக்குச் செய்தியாக அனுப்பும். அந்தச் செய்தி நுழைகிற வாசலுக்கு சாக்கெட் என்று பெயர். கெர்னலுக்குள் இருக்கும் எங்கள் பகுதி அதை ரேடியோவில் கரைக்குத் தள்ளும்.

செய்தியின் தலையில் அதன் நீளம் எழுதியிருக்கும், அரிசி மூட்டைமேல் இருபத்தைந்து கிலோ என்று அச்சடித்திருப்பதுபோல. அதை நம்பக் கூடாது. நிறுத்துப் பார்க்க வேண்டும். வந்தது பாதிதான் என்றால், கெர்னல் செய்தி முடிந்த இடத்தையும் தாண்டிக் கண்டதைப் படிக்கும். சாதாரண புரோகிராம் தப்பு செய்தால் அது மட்டும் சாகும். கெர்னல் தப்பு செய்தால் பெட்டியே சாகும். சத்தம்கூட வராது; திரையில் கடைசியாக வந்த இடத்திலேயே புள்ளி நிற்கும்.

நிறுத்துப் பார்க்கும் வரிகளை எழுதித்தான் வைத்திருந்தேன். பாதிச் செய்தி வந்தால் தூக்கிப் போட்டுவிட்டுத் திரையில் ஒரு சிவப்பு வரி காட்டும். மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் டெமோ. சிவப்பு வரி பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம். டீம் லீடர் அந்தச் சோதனையையே எடுத்துவிட்டார்.

"நம்ம புரோகிராம் அனுப்புது, நம்ம கெர்னல் வாங்குது. சொந்த வீட்டுக்குள்ள யாராவது செக்போஸ்ட் வெப்பாங்களாம்மா?"

"உங்க வீட்டு பாத்ரூமுக்குக் கதவு இல்லியா சார்?" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். சோதனை திரும்ப வரவில்லை.

இப்போது புள்ளி நிற்கிறது. வாடைக்காற்று எழுந்துவிட்டது. மற்ற படகுகள் எல்லாம் கரை பிடித்துவிட்டன என்று அண்ணி போனில் சொல்லியிருந்தாள். பெட்டி செத்துப் போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பெட்டிதான் செத்தது என்றால் அண்ணனுக்கு ஒன்றுமில்லை.

பிறகுதான் யோசித்தேன். பெட்டி ஏன் சாக வேண்டும்? பாதிச் செய்தி வந்திருக்க வேண்டும். ஏன் பாதி? கருவிக்கு மின்சாரம் இறங்கியிருக்க வேண்டும். அண்ணன் எஞ்சினைக் கிளப்பப் புதிதாக செல்ஃப் பொத்தான் வைத்திருந்தார். அதற்கும் பெட்டிக்கும் ஒரே பேட்டரி. ஒருதரம் அமுக்கினால் ஒன்றும் ஆகாது. விடாமல் அமுக்கினால்தான் பேட்டரி இறங்கும். எஞ்சின் கிளம்பாதவன்தான் விடாமல் அமுக்குவான்.

அண்ணியைக் கூப்பிட்டு, படகு அனுப்பித் தேடச் சொன்னேன்.

"இன்னாடி, கவலப்படாத. இங்க போன்லயும் பச்சையாத்தான் தெரியுது," என்றாள் அவள். யாரோ ஒரு படகுக்காரர் போனை வாங்கினார். "நங்கூரம் போட்டுகினு பீடி வலிச்சிகினு இருப்பாம்மா. உன் பொட்டிதான் சொல்லுதே, அங்கயே கீறான்னு. இன்னாத்துக்கு நாங்க இந்தக் காத்துல எறங்கணும்?"

"அண்ணாத்த, அது பொய்யி. பொட்டி செத்துப் போச்சி. கடைசியா வந்த எடத்தயே காட்டிகினு கீது. எஞ்சின் நின்னு போயி படகு அடிச்சிகினு போவுது. அந்தப் புள்ளிக்குப் போவாதீங்க, நீரோட்டம் எங்க இழுக்குதோ அங்க போங்க."

"நீ செஞ்ச பொட்டிய நீயே பொய்யின்ற."

"ஆமா. பொய்யி. கெளம்புங்க!"

அவர் ஆட்களைக் கூப்பிட்டார். பிறகு எஞ்சின் சத்தம் கேட்டது. போன் துண்டிக்கப்பட்டது. நான் அழவில்லை. கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

புள்ளிக்கு ரொம்பத் தெற்கே, படகில் பாதித் தண்ணீரோடு அண்ணனைக் கண்டுபிடித்துக் கட்டி இழுத்து வந்தார்கள். சாயங்காலம் போனில் அவர் குரலைக் கேட்டேன்.

"செல்ஃப அமுக்கி அமுக்கி வெரலே போச்சி. எஞ்சினும் வரல, உன் பொட்டியும் அணைஞ்சிடுச்சி. பெரிய பேஜாரா போச்சிடி."

மறுநாள் யாரையும் கேட்காமல் சோதனையைத் திரும்பப் போட்டேன். டீம் லீடர் பார்த்தார். வாயைத் திறந்திருந்தால் அன்று அடித்திருப்பேன்.

இப்போது நிறையப் படகுகளில் பெட்டி இருக்கிறது. பாதிச் செய்தி வந்தாலும் பெட்டி சாவதில்லை, சிவப்பு வரி வருகிறது. பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆனால் அந்த வரி வரும்போது கடலில் யாரோ செல்ஃபை அமுக்கிக்கொண்டிருக்கலாம் என்று எனக்குத் தெரியும். புள்ளி மறுபடி நகரும்வரை டிபன் பாக்ஸைத் திறப்பதில்லை.