காற்று ஏறிய அடுப்பு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. கண்ணால் பார்த்ததை, காதால் கேட்டதைச் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரருக்கு மலையேறுகிற பைத்தியம். போகிற இடமெல்லாம் ஒரு பித்தளை அடுப்பைத் தூக்கிக்கொண்டு போவார். மண்ணெண்ணெய் ஊற்றி, பம்ப் அடித்துப் பற்றவைக்கிற பழைய அடுப்பு. மடக்கினால் தகர டப்பாவுக்குள் அடங்கிவிடும். லீவு நாளானால் பால்கனியில் உட்கார்ந்து அதைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருப்பார். "உங்க மூத்த பெண்டாட்டி குளிச்சாச்சா?" என்று கேலி செய்வேன்.

அப்படித் துடைத்துக்கொண்டிருந்தவர்தான், "தீப்பெட்டி வாங்கிட்டு வந்துடறேன்" என்று எழுந்து போனார். தெருமுனையில் லாரி. அப்போது மகள் என் வயிற்றில் இருந்தாள். அவள் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. பால்கனியில் கிடந்ததை அள்ளி டப்பாவில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டேன்.

மகளுக்கு நாலு மாதம் இருக்கும். விடாத மழை. பொழுது சாயும்போது கரண்ட் போனது. சிலிண்டரும் காலை வாரிவிட்டது. தெருவில் இடுப்பளவு தண்ணீர். எனக்குத் தாய்ப்பால் இல்லை. பால்பவுடர் இருந்தது, கலக்க வெந்நீர் இல்லை. பிள்ளை அழுது அழுது குரல் கம்மிவிட்டது.

டப்பாவை இறக்கினேன். அடுப்பில் மண்ணெண்ணெய் இருந்தது, டப்பாவில் ஸ்பிரிட் புட்டியும் இருந்தது. அவர் செய்வதைப் பார்த்திருக்கிறேனே தவிர நான் அதைத் தொட்டதில்லை. கழற்றிக் கிடந்ததைத் தெரிந்த அளவுக்குப் பூட்டி, பர்னருக்குக் கீழே ஸ்பிரிட் ஊற்றி எரித்தேன். காற்றுத் திருகை இறுக்கினேன். பம்ப் அடித்தேன்.

லொடலொட... காற்று ஏறவில்லை.

மறுபடி அடித்தேன். மறுபடி. கை ஓய்ந்துபோனது. அழுகை வந்துவிட்டது.

"நீங்க இருந்தா எனக்கு இப்படி ஆகுமா?" என்று வாய்விட்டுக் கேட்டேன்.

மணி ஏழே கால்.

பம்ப் சட்டென்று இறுகியது.

புஸ்க்... புஸ்க்... புஸ்க்... மூன்று அடித்து ஒரு நிறுத்தம். மறுபடி மூன்று. அவர் அப்படித்தான் அடிப்பார்.

நான் கையை எடுத்துவிட்டேன்.

சத்தம் நிற்கவில்லை.

நீல நெருப்பு குப்பென்று பற்றியது...

பிள்ளை அழுகையை நிறுத்தியது.

நான் ஓடவில்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆற்றி, பால் கலந்து கொடுத்தேன். அவள் குடித்து முடித்ததும் திருகு தானாகச் சுழன்றது. புஸ்ஸ்ஸ்... அடுப்பு அணைந்தது.

தண்ணீர் வடிந்ததும் அடுப்பை ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் பம்பை உருவிப் பார்த்தார்.

"இதுல தோல் வாஷரே இல்லையேம்மா. காத்து எப்படி ஏறும்?"

"மூணு நாள் முன்னாடி எரிஞ்சுதே."

"சான்ஸே இல்ல. யாரோ கழட்டி எண்ணெயில ஊறப் போட்டுட்டு மறந்திருக்காங்க. புதுசு போட்டுத் தரவா?"

அடுப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். பால்கனியில் பூந்தொட்டிக்குப் பின்னால், சாரல் படாத மூலையில் ஒரு பாட்டில் மூடி. எண்ணெய் வற்றி, அதன் அடியில் தோல் வாஷர் காய்ந்து ஒட்டிக்கிடந்தது. அவர் போட்டது போட்டபடி.

புது வாஷர் நான் போடவில்லை. போட்டால் அந்த அடுப்பை யார் வேண்டுமானாலும் பற்றவைக்கலாம். அப்புறம் அவர் எதற்கு வருவார்?