மொகமாட்டம்

தெலுங்கில் மொகமாட்டம் என்று ஒரு சொல் உண்டு. நகரிப் பக்கத்துத் தமிழர்களான எங்கள் வாயிலும் அது தாராளமாகப் புழங்கும். கூச்சம் என்றால் போதாது, வெட்கம் என்றால் தப்பு. நெருக்கம் இல்லாத இடத்தில் வேண்டியதைக் கேட்க வாய் வராதே, அதுதான். விருந்தாளி சாப்பிடத் தயங்கினால், "மொகமாட்டப்படாம துன்னுங்க" என்போம். வீட்டு ஆட்களிடம் அந்தப் பேச்சையே எடுக்கமாட்டோம். அவர்கள் சட்டியை வழித்துவிட்டு, இன்னும் இல்லையா என்று சண்டைக்கு வருவார்கள்.

திருப்பதியில் வேலை பார்க்கும் என் மகள் போன மாதம் அந்தச் சொல்லை என்னிடம் சொன்னாள்.

கல்யாணப் பேச்சில் எனக்கும் அவளுக்கும் முட்டிக்கொண்டு, பல மாதமாக அவள் ஊருக்கே வரவில்லை. போனில் "நல்லா இருக்கேன்" என்பதோடு சரி. எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. வேகவைத்த வேர்க்கடலையைக் கட்டிக்கொண்டு நானே பஸ் ஏறிவிட்டேன்.

அவள் முகம் சுளிக்கவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள், ஃபேனை என் பக்கம் திருப்பினாள். சோறு போட்டுவிட்டு, "மொகமாட்டப்படாம துன்னு நைனா" என்றாள். அதற்குமேல் எனக்குச் சோறு இறங்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஊரில் நான் ஒரு சொட்டு ரசம் சிந்தினாலே, "கண்ணு எங்க கீது உனக்கு" என்று தெருவுக்கே கேட்கக் கத்துகிறவள் இவள். வேண்டுமென்றே கொஞ்சம் சிந்திப் பார்த்தேன். பேசாமல் துணி எடுத்து வந்து துடைத்தாள்.

எழுந்தேன், ஜன்னல் பக்கம் போனேன், மறுபடி உட்கார்ந்தேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று பொய் சொன்னேன். "சரி நைனா" என்றாள். இரு என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. பஸ் ஏறி உட்கார்ந்தேன். இனி நான் அவளுக்கு விருந்தாளிதானா?

புத்தூர் தாண்டும்போது போன் அடித்தது.

"கண்ணாடிய இங்கியே வச்சிட்டுப் போயிருக்க. எத்தினி வாட்டி சொல்றது உனக்கு? கண்ணு தெரியாம ரோட்ட எப்டித் தாண்டுவ? சோத்தையும் பாதில வச்சிட்ட. வேணும்னுதான ரசத்தக் கொட்ன?"

பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினாள். நிறுத்திவிடப் போகிறாளே என்று நான் குறுக்கே பேசவில்லை. மூச்சு வாங்க அவள் நின்றபோது, "நாளைக்கே வந்து எடுத்துக்கிறேன்" என்றேன்.

"ஒண்ணும் வேணாம். ஞாயித்துக்கெழம நானே எடுத்துக்கினு வரேன். மீனு வாங்கி வை" என்று வைத்துவிட்டாள்.