படுக்கைக்கு மேலே ஒரு சாலை

சனிக்கிழமைப் புகைப்பட வகுப்பில் அவளுக்குக் கர்ட்டன் அக்கா என்று பெயர். கல்யாணமான புதிதில் திரைச்சீலை தைக்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தவள், இன்றும் அதே கடையில்தான் இருக்கிறாள். வகுப்பில் மற்றவர்கள் எல்லாருக்கும் அவள் மகள் வயது. மகள் வெளியூர் வேலைக்குப் போனபோது அலமாரியில் விட்டுப்போன கேமராவைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு, நூலகத்து மாடியில் நடக்கும் அந்த வகுப்பில் போய் நின்றாள்.

“எனக்கு இதை ஆன் பண்ணவே தெரியாதும்மா” என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

“அது ஒண்ணுதான் இதுல ஈஸிக்கா” என்றாள் ஆசிரியை.

ஒரு சனிக்கிழமை, கேமராவையெல்லாம் பைக்குள் போடச் சொல்லிவிட்டு, ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்ட வைத்தாள் ஆசிரியை. விளக்கு அணைந்தது. காகிதத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஓர் ஓட்டை மட்டும்.

“மிஸ், கரண்ட் பில் கட்டலையா?” என்றான் ஒருவன்.

“வாயை மூடிட்டு சுவரைப் பாருங்க. இப்ப நாம கேமராவுக்கு உள்ள உட்கார்ந்திருக்கோம்.”

முதலில் ஒன்றும் இல்லை. கண் இருட்டுக்குப் பழகப் பழக, சுவரில் ஏதோ கலங்கலாகத் தெரிந்தது. பிறகு, யாரோ உள்ளிருந்து வரைவதுபோல, எதிர்க் கட்டடம் முழுவதும் வந்து நின்றது. தலைகீழாக! மொட்டை மாடியில் காயும் துணிகள் மேல்நோக்கிப் படபடத்தன. ஒரு சைக்கிள்காரர் தலை கீழே, சக்கரம் மேலே என்று நிதானமாகப் போனார். சேலையின் சிவப்பு சிவப்பாகவே இருந்தது. கர்ட்டன் அக்கா மூச்சு விட மறந்துபோனாள். பக்கத்திலிருந்த பெண்ணின் கையை இறுகப் பிடித்திருக்கிறோம் என்பதே விளக்கு போட்ட பிறகுதான் தெரிந்தது.

வெளிச்சம் உள்ளே வராமல் இருக்கத்தான் அவள் இத்தனை வருஷமும் தைத்திருக்கிறாள். அந்த வெளிச்சத்துக்குள் இவ்வளவும் மடித்து வைத்திருக்கிறது என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை.

“அடுத்த பயிற்சி இதுதான். உங்க வீட்டுல ஒரு ரூமை இப்படி மாத்தி, அந்த ரூமைப் படம் எடுத்துட்டு வாங்க” என்றாள் ஆசிரியை.

அங்கேதான் சிக்கல். இரண்டாம் மாடியில் இருந்த அவள் வீட்டில் தெருவைப் பார்த்த ஜன்னல் ஒன்றே ஒன்று. அந்த அறையில் அவள் கணவர் படுத்திருந்தார்.

அவர் டவுன் பஸ் டிரைவர். பணிமனையில் எண்ணெய் சிந்திய தரையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்திருந்தார்கள். எலும்பு கூடிவிட்டது, இனி எழுந்து நிற்கலாம் என்று டாக்டர் சொல்லியாயிற்று. இப்போதே நிற்காவிட்டால் முட்டி இறுகிப்போய்க் கடைசிவரை நடை வராது என்றும் சொல்லியாயிற்று. பயிற்சி கொடுக்க வந்த பெண்ணிடம் அவர், “நாளைக்குப் பார்க்கலாம்மா” என்பார். மறுநாளும் அதே பதில். ஊன்றி நடக்கக் கொடுத்த வாக்கரை ஜன்னல் ஓரம் நிறுத்தி அவள் துண்டு காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் அவள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள். “நின்னு பார்த்தா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?”

அவர் கூரையைப் பார்த்தபடியே சொன்னார். “நின்னு பார்த்து, முடியலைன்னா? இப்ப முடியுமா முடியாதான்னு தெரியாம இருக்கு. அப்படியே இருந்துட்டுப் போகட்டும் விடு.”

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. ஆனால் தைக்கும்போதும் சமைக்கும்போதும் அந்தப் பேச்சு உள்ளே அறுத்துக்கொண்டே இருந்தது.

அறையை இருட்டாக்க வேண்டும் என்று சொன்னபோது அவர் உதட்டைச் சுழித்தார்.

“ஜன்னலை மூடி, அதுல ஓட்டை போட்டு, எனக்குப் படம் காட்டப் போறியா?”

“டிக்கெட் கேக்க மாட்டேன், பயப்படாதீங்க.”

“ரூம் பூரா இருட்டு. நான் எங்க போறது?”

“எங்க போகப் போறீங்க? அதானே பிரச்சினையே” என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறு ஞாயிறு நல்ல வெயில். கடையில் மீந்த கறுப்புத் துணியை இரண்டாக மடித்து, ஜன்னல் அளவுக்குத் தைத்து வைத்திருந்தாள். நடுவில் ஓர் அட்டை, அட்டையில் ஓட்டை. வாக்கர் இடைஞ்சலாக இருந்ததால் அதைத் தூக்கிக் கட்டில் ஓரம் வைத்தாள். துணியை ஆணியில் மாட்டி, ஓரங்களை ஒட்டு நாடாவால் அடைத்துவிட்டு, ஜன்னலுக்கு எதிர்ச் சுவரைப் பார்த்துக் காத்திருந்தாள்.

எதிர்ச் சுவரில் பாதியை பீரோ அடைத்திருந்தது. மீதியில் கொடியில் போட்ட சட்டைகள். ஒரு சட்டைக் கையில் கொஞ்சம் வானம், பீரோ கதவில் கொஞ்சம் எதிர்வீட்டுச் சுவர். அவ்வளவுதான். அவளுக்கு அழுகை முட்டியது. சட்டைகளை அள்ளித் தரையில் போட்டாள். நாற்காலியை நகர்த்தினாள். என்ன செய்தும் படம் துண்டு துண்டாகத்தான் இருந்தது.

“பஸ் போகுது” என்றார் அவர்.

“சத்தம் எனக்கும் கேக்குதுங்க.”

“சத்தம் இல்லடி. மேல பாரு.”

நிமிர்ந்து பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள். தெரு முழுவதும் கூரையில் கிடந்தது. கீழே இருக்கும் தெருவின் வெளிச்சம் ஓட்டை வழியாக மேலேறி அங்கே போய் விழுந்திருக்கிறது. சுண்ணாம்பு அடித்த வெள்ளைக் கூரையில் தார்ச்சாலை, மரத்தின் நிழல், கட்டில் நீளத்துக்கு ஒரு பஸ்.

“தலைகீழா ஓடுது பாத்தீங்களா!” என்றாள்.

“தலைகீழாவா? நேராத்தான் ஓடுது.”

“அதெப்படி? தலைகீழாத்தான் வரும். கிளாஸ்ல சொல்லிக் கொடுத்திருக்காங்க.”

“உங்க கிளாஸ்ல என்ன வேணா சொல்லட்டும். என் கண்ணுக்கு நேரா இருக்கு. அதோ ஒரு அம்மா குடையோட போறா, குடை மேல, கால் கீழ. வந்து படுத்துப் பாரு.”

அவர் பக்கத்தில் அவள் பகலில் படுத்து எத்தனையோ காலம் ஆயிற்று. தயங்கித் தயங்கிக் கட்டில் விளிம்பில் சாய்ந்தாள். ஜன்னல் பக்கம் கால், பீரோ பக்கம் தலை. அண்ணாந்தாள். அவர் சொன்னது சரி. ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டி நின்றபோது கவிழ்ந்து கிடந்த தெரு, படுத்ததும் நிமிர்ந்துகொண்டது. குடைக்கார அம்மா முழங்கை நீளத்தில், சற்று இழுத்து நீட்டினாற்போல, அவர்கள் முகத்துக்கு மேலே நடந்து போனாள். ஒரு நாய் குறுக்கே ஓடியது. மரத்தின் இலைகள் கூரையில் அசைந்தன. ஆனால் அறையில் காற்றே இல்லை. தங்களுக்குத் தெரியாமலே இந்தத் தெரு தினமும் இந்த ஜன்னல்வரை வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. மெய்சிலிர்த்தது.

“ஒண்ணு மட்டும் இடிக்குது” என்றார் அவர் மெதுவாக. “எல்லாப் பயலும் ராங் சைடுல போறான்.”

கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாறியிருந்தது. டிரைவருக்கு அது தாங்கவில்லை. ஒவ்வொரு வண்டிக்கும் உச்சுக்கொட்டினார். பல வாரங்களில் அவர் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

“சரி, ஆடாம அசையாம படுங்க. படம் எடுக்கணும். இவ்வளவு இருட்டுல ரொம்ப நேரம் கேமரா திறந்தே இருக்கணும். ஓடுற வண்டி எதுவும் படத்துல விழாது. அசையாம இருக்கிறதுதான் விழும்.”

“அப்ப நான் நல்லா விழுவேன்” என்றார்.

அவள் சிரிக்கவில்லை. பீரோ மேல் கேமராவை வைத்து, பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று, பொத்தானை அழுத்தினாள். இன்னொரு முறை அழுத்தும்வரை அது மூடாது.

தெரு கூரையில் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று ஹாரன் சத்தம். கூரையில் ஒரு பஸ் திரும்ப முயன்று, நிறுத்தியிருந்த ஒரு லாரிமேல் போய் முட்டிக்கொள்ளாத குறையாக நின்றது.

“எங்க டிப்போ தொந்திதான் ஓட்டுறான்” என்றார் அவர். “பிரேக் போடுற லட்சணத்துலயே தெரியுது. டேய், ஸ்டியரிங்கை ஒடிக்காதடா! எந்தப் பக்கம் ஒடிக்கிறான்? இடதா? இல்ல, மாத்தித் தெரியுதா இது? சே, எழவு, ஒண்ணும் புரியலையே!”

பின்னால் வண்டிகள் அடைந்துகொண்டு அலறின. பஸ் அங்குலம் அங்குலமாக லாரியை நெருங்கியது.

“தொந்தி! உரசிடும்டா!”

கட்டில் கிறீச்சிட்டது. வாக்கரின் கால் தரையில் தட்டிய ஓசை கேட்டது. ஸ்டூல் மேல் நின்றவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கூப்பிட்டால், தான் என்ன செய்கிறோம் என்பது அவருக்கே தெரிந்துவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள். கூரைச் சாலையின் மங்கல் வெளிச்சத்தில் ஒரு நெடிய உருவம் கட்டிலிலிருந்து எழுந்தது. ஒரு தட்டு, ஒரு இழுப்பு, நீண்ட ஒரு மூச்சு. மறுபடி ஒரு தட்டு. ஜன்னல் பக்கம் போயிற்று.

சட்டென்று தெரு அணைந்தது. பஸ், லாரி, மரம், கூரை எல்லாம் ஒரே நொடியில் போய், அறை கன்னங்கரேலென்று ஆனது. அவர் ஓட்டையில் கண்ணை வைத்துவிட்டார்.

“வலது பக்கம் ஒடிடா தொந்தி! ஃபுல்லா ஒடி! அப்படித்தான்... பின்னால எடு... எடு... போதும்!”

கீழே யாரோ, “யாருப்பா அது மாடியில?” என்று கேட்டார்கள். தொடர்ந்து ஒரு கனத்த குரல், “அண்ணே! நீங்களா? எழுந்துட்டீங்களா?” என்று கத்தியது. பஸ் உறுமிக்கொண்டு நகரும் ஓசை.

அறைக்குள் அவர் வேகமாக மூச்சு வாங்குவது கேட்டது.

“அடியே” என்றார் கடைசியில். “நான் நிக்கிறேன்.”

“தெரியுதுங்க.”

“இருட்டுல உனக்கு என்ன தெரியுது? உன் படம் என்னாச்சு? நான் மறைச்சுட்டேனா?”

“மறைச்சுட்டீங்க.”

“நகந்துக்கட்டுமா?”

அவள் பொத்தானை மறுபடி அழுத்தாமலே விரலை எடுத்துவிட்டு, இருட்டில் தடவித் தடவி ஸ்டூலிலிருந்து இறங்கினாள்.

“வேண்டாம்” என்றாள். “அப்படியே நில்லுங்க.”