ஒன்றேகால் லிட்டர் ஒத்தாசை

சரண்யாதேவி வீட்டுக்கு வீடு போய்ப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட். விளாங்குடியில் பக்கவாதம் வந்த ஒருவரைக் காலையில் நாலு எட்டு நடக்க வைத்துவிட்டு, கே.கே. நகர் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டு, கொட்டாம்பட்டிக்குப் பறப்பாள். இந்த ஓட்டத்துக்காக அவள் வாங்கியது ஒரு சின்ன டீசல் கார். எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ வைத்தது, பழையது. வாங்கியபோது எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. உள்ளே இருந்த ஆயில் தார் மாதிரி இருந்தது. அதைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது என்று அவள் கணவன் ஜெயபாண்டி இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான்.

இப்போது வண்டி இரண்டு லட்சத்து எழுபதாயிரத்தைத் தாண்டிவிட்டது. பத்தாயிரத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்றச் சொன்னால் அவள் ஏழாயிரத்திலேயே மாற்றிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை காலையில், எஞ்சின் சூடேறும் முன்பே, வண்டியைத் தெருவில் சமதளத்துக்கு இறக்கி, பானெட்டைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பாள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தால் அந்த வாரம் வீட்டில் நல்ல வாரம்.

போய்ச் சேர்ந்த இடத்தில் வண்டியை உடனே அணைக்கவும் மாட்டாள். டர்போ கொஞ்சம் சூடு தணியட்டும் என்று ஒரு நிமிஷம் ஓடவிட்டு, உள்ளேயே உட்கார்ந்திருப்பாள். கொட்டாம்பட்டியில் இடுப்பெலும்பு முறிந்து கிடந்த செல்லக்கிளி இதைச் சன்னல் வழியாகப் பல நாள் பார்த்துவிட்டு, "டாக்டரம்மா எந்தச் சாமியக் கும்பிடுறாகன்னு தெரியல. கண்ணத் தொறந்துக்கிட்டேல்ல கும்பிடுறாக!" என்று மருமகளிடம் சொல்லியிருக்கிறாள்.

ஜெயபாண்டி பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பானெட்டைத் திறக்கும் கைப்பிடி எங்கே இருக்கிறது என்பதுகூட அவனுக்குத் தெரியாது என்பது சரண்யாவின் நெடுநாள் புகார். சென்ற ஞாயிறு அவள் உசிலம்பட்டியில் ஒரு காதுகுத்துக்குப் பஸ்ஸில் போய்விட்டுச் சாயங்காலம்தான் திரும்பினாள். திங்கட்கிழமை காலை அவள் குச்சியைப் பார்க்கப் போனபோது, ஜெயபாண்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான்.

"நேத்தே நான் பாத்துட்டேன். எல்லாம் சரியா இருக்கு. நீ கெளம்பு."

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவள் கேட்காத வார்த்தை அது. சந்தோஷத்தில் பானெட்டைத் திறக்காமலே கிளம்பிவிட்டாள்.

ஒத்தக்கடை தாண்டியதும் பின்னால் வந்த லாரிக்காரர் விடாமல் ஹார்ன் அடித்தார். கண்ணாடியில் பார்த்தாள். சாலையே தெரியவில்லை. கொசு மருந்து அடிக்கிற வண்டி மாதிரி நீலப்புகையைக் கக்கிக்கொண்டு அவள் போய்க்கொண்டிருந்தாள். ஓரமாக நிறுத்தினாள், அன்றைக்கு ஒரு நிமிஷமெல்லாம் பார்க்கவில்லை, அணைத்துவிட்டாள்.

மெக்கானிக் பேயாண்டிக்குப் போன் செய்தாள்.

"நீலப்புகையா? ஆயில் எரியுது, டர்போ போச்சுக்கா," என்றான் அவன், துக்கம் விசாரிக்கிற குரலில். "இந்தா, வாரேன்."

முக்கால் மணி நேரத்தில் பைக்கில் வந்து இறங்கினான். டர்போவின் காற்றுக் குழாயைக் கழற்றி விரலை விட்டான். விரல் நிறைய ஆயில்.

"பாருங்க. சொன்னேன்ல? டர்போவக் கழட்டணும். எஞ்சினும் இம்புட்டு ஓடிருச்சு, அதையும் பிரிச்சுப் பாத்துருவோம்."

சரண்யாவை அவளுடைய தொழில் புத்தி விடவில்லை. முழங்கால் வலி என்று வருகிறவர்களுக்குப் பாதி நேரம் கோளாறு இடுப்பில் இருப்பதைப் பார்த்தவள் அவள்.

"பேயாண்டி, போன வாரம் வரைக்கும் ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருந்த ஆயில். ஒரே நாள்ல இம்புட்டு எப்படிப்பா எரியும்? மொதல்ல குச்சிய எடு."

"அதுல என்னக்கா இருக்கப்போகுது?" என்று சலித்துக்கொண்டே எடுத்தான். துடைத்து, உள்ளே விட்டு, மறுபடி எடுத்தான். பிறகு அவளிடமே நீட்டினான். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை ஏறி நின்றது.

சரண்யா போனை எடுத்தாள். மறுமுனையில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் இரைச்சல்.

"என்னங்க, நேத்து ஆயில் ஊத்துனீங்களா?"

"ஆமா," என்றான் ஜெயபாண்டி பெருமையாக. "குச்சியில ஒட்டவே இல்ல, காஞ்சு கெடந்துச்சு. அலமாரியில இருந்தத எடுத்து, கோடு தொடுற வரைக்கும் ஊத்துனேன். உனக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னுதான்."

"வண்டி எங்க நின்னுச்சு?"

"எங்க நிக்கும்? நம்ம வாசச் சரிவுலதான்."

முன்சக்கரம் மேலேயும் பின்சக்கரம் தெருவிலுமாக நிற்கிற வண்டியில் ஆயில் பின்பக்கம் ஒதுங்கிவிடும், குச்சிக்கு எட்டாது. அந்தக் காய்ந்த குச்சியை நம்பி அவன் ஊற்றிய ஆயில் எஞ்சினுக்குள் நுரைத்து, வழி கிடைத்த பக்கமெல்லாம் ஏறி, எரிந்து புகையாகப் போயிருக்கிறது. டர்போ பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை.

பேயாண்டி வண்டிக்கடியில் படுத்து நட்டைத் தளர்த்தி, ஒரு கேனில் ஒன்றேகால் லிட்டர் இறக்கினான். குழாயைத் துடைத்து மாட்டினான். "சார் கணக்கு வாத்தியார்னு சொன்னீக!" என்று அவன் கேட்டதும் சரண்யாவுக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. சாலையோரத்தில் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். அவ்வளவு நேரம் அடக்கி வைத்த பயமெல்லாம் அந்தச் சிரிப்பில்தான் போனது.

மேலூர் வரைக்கும் புகை இழைஇழையாக வந்தது. அதற்கப்புறம் நின்றுவிட்டது. கொட்டாம்பட்டிக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது, காத்திருந்து கோபம் வந்த செல்லக்கிளி தானாகவே வாக்கரைப் பிடித்து வாசல்வரை வந்து நின்றிருந்தாள். "எம்புட்டு நேரந்தான் பாக்குறது? நானே நடந்து வந்துட்டேன்," என்று திட்டினாள். இரண்டு மாதமாகச் சரண்யா கெஞ்சியும் நடக்காத காரியம் அது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், போனில் விஷயத்தைத் தெரிந்துகொண்ட ஜெயபாண்டி, கொத்தனார்கள் தளம் சமமா என்று பார்க்க வைத்திருக்கிற ரசமட்டம் ஒன்றைப் புதிதாக வாங்கி வந்து வாசலில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். சரிவை அளந்து முடித்துவிட்டு வரவேற்பறையையும் அடுப்படியையும் அளந்திருந்தான்.

"சரண்யா, நம்ம அடுப்பு மேடைகூட கோணலாத்தான் இருக்கு. நான் சுடுற தோச ஏன் ஒரு பக்கமே கருகுதுன்னு இப்பத்தான் புரியுது."

"தோச கருகுறதுக்கும் மேடைதான் காரணமா? தள்ளுங்க," என்று சொல்லிவிட்டு அவள் குளிக்கப் போனாள்.