அவுஸ்லவுஃபன் என்றொரு சொல்

ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சனுக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவ நிலையத்தில் நான் பிசியோதெரபிக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்துகொண்டிருந்தேன். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான்தான் என்பதால் வீட்டில் என்னை அரை டொக்டராகவே நினைத்திருந்தார்கள். உண்மையில் விடியமுன் ரயில் ஏறி, நாள் முழுக்க மற்றவர்களின் முழங்கால்களை மடக்கி நீட்டி, பின்னேரம் சொந்தக் கையைத் தூக்கவே அலுப்பாகி வீடு திரும்புகிறவன்.

அந்தக் குளிர்காலத்தில் என்னிடம் வந்த முழங்கால் ஓர் அயர்லாந்துக்காரருடையது. பக்கத்து நகரத்தில் இரண்டாம் பிரிவு உதைபந்தாட்டக் கழகமொன்றின் நடுக்கள ஆட்டக்காரர், முப்பதைத் தாண்டியவர். எனக்கு ஆங்கிலம் வரும் என்று அவரை என்னிடம் தள்ளிவிட்டார்கள். முதல் வாரம் அவர் சொன்னதில் பாதி விளங்கவில்லை.

“நீ செய்தி வாசிக்கிற ஆள் மாதிரிக் கதைக்கிறாய்,” என்றார்.

நீங்கள் வாய்க்குள் கடலை வைத்துக்கொண்டு கதைக்கிறீர்கள் என்று சொல்ல நினைத்து, “கொஞ்சம் மெதுவாக,” என்றேன்.

வீட்டில் இதைச் சொன்னபோது, உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு வந்து காலை நீட்டியிருந்த அப்பா சிரித்தார். “எங்களுக்குச் சொல்லிச் சொல்லியே வாய் நொந்த பிள்ளை. இப்ப வெள்ளைக்காரனுக்கும் நீதானோ?”

அப்பா சொன்னது பகிடி என்றாலும் உண்மை. அம்மாவின் கர்ப்பப்பையை எடுக்கவேண்டும் என்று டொக்டர் டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், சொன்னபோது, அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னது எட்டு வயது நான். அந்த உறுப்பின் பெயர் எனக்குத் தமிழில் தெரியாது. அம்மாவின் வயிற்றைத் தொட்டுக் காட்டினேன்.

ஆட்டக்காரர் பதினாறு வயதில் கப்பலேறி இங்கிலாந்து போனவர். பெரிய கழகமொன்று சில காலம் வைத்திருந்துவிட்டு அனுப்பிவிட்டது. பிறகு சின்னக் கழகங்கள், வாடகை வீடுகள், கடைசியில் ஜேர்மனி. பின்னாலிருந்து வருகிற பந்தை வாங்கி முன்னால் கொடுப்பதுதான் தன் வேலை என்பார். “கோல் அடிச்சவனை எல்லாரும் தூக்குவாங்கள். நான் அந்த நேரம் நடுவில நிண்டு மூச்சு வாங்குவன்.”

அவருடைய டொச் முழுவதும் மைதானத்து டொச். இடது, வலது, பின்னால் ஆள், அவுஸ்லவுஃபன். ஆட்டத்துக்கு மறுநாள் எல்லோருமாக மெல்ல ஓடிக் காலைத் தளர்த்துவதுதான் அவுஸ்லவுஃபன். மற்ற எல்லாவற்றுக்கும் மகள். இங்கே முதலாம் வகுப்பில் சேர்ந்தவள். பேக்கரியிலும் வங்கியிலும் வீட்டுக்காரரிடமும் அவள்தான் அவருக்கு வாய்.

அவர் எதிர்பார்த்தது இன்னும் ஒரு வருடம், அவ்வளவுதான். ஒப்பந்தம் கோடையில் முடிகிறது. கழகம் அதை நீட்டினால் மகளை வேறு நாட்டுப் பள்ளிக்கூடத்துக்கு இழுக்கவேண்டி வராது.

பதில் சொல்லக் கழகத்து முகாமையாளர் ஒருநாள் முற்பகல் வந்தார். மேலங்கியைக் கழற்றவில்லை. முழங்காலைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார், டொச்சில் ஒரு வசனம் சொன்னார். ஆட்டக்காரருக்கு அதில் விளங்கியது ஒரேயொரு சொல். சிரித்துவிட்டார்.

“அவுஸ்லவுஃபனோ? இந்தக் காலோடயோ? கட்டிலால இறங்கவே ஏலாம இருக்கிறன், ஆளுக்குப் பகிடி.”

முகாமையாளர் என் பக்கம் திரும்பினார். “நீங்கள் சொல்லுங்கோ.”

ஒப்பந்தத்தை நீட்டாமல், தானாகவே முடிந்துபோக விடுவதற்கும் டொச்சில் அதே சொல்தான்.

தொட்டுக் காட்ட இதற்கு ஓர் இடமும் இல்லை. சொன்னேன். அந்தச் சிரிப்பு, எடுத்து வைக்க மறந்ததுபோல, கொஞ்ச நேரம் அவர் முகத்திலேயே இருந்தது. முகாமையாளர் இருவருக்கும் கைகொடுத்துவிட்டுப் போனார்.

நான் எழும்பப் பார்த்தேன்.

“எங்க போறாய்? என்ர நேரம் இன்னும் முடியேல்லை,” என்று அவர் காலை நீட்டினார்.

மடக்கினேன், நீட்டினேன். அந்தக் கால் அன்று வழக்கத்தைவிடப் பாரமாக இருந்தது, அல்லது என் கை அலுத்திருந்தது.

“நல்லவேளை, இண்டைக்கு மகளுக்குப் பள்ளிக்கூடம்,” என்றார் கடைசியில். “இல்லாட்டி அவள்தான் எனக்குச் சொல்லியிருப்பாள்.”

முழங்காலை இன்னொருமுறை மடக்கினேன்.

மதியம் அவருடைய மனைவி காரை நிறுத்த, முதுகில் புத்தகப்பையோடு மகள் முன்னால் ஓடிவந்தாள். யாரைக் கேட்டால் சரியான பதில் வரும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. தகப்பனை விட்டுவிட்டு என்னிடம் டொச்சில் கேட்டாள். “முகாமையாளர் வந்தவரோ? என்ன சொன்னவர்?”

நான் வாயைத் திறக்குமுன் அவர் சொன்னார், தன் மைதானத்து டொச்சில்: “அவுஸ்லவுஃபன்.”

அவளும் அந்தச் சொல்லின் மைதானத்துப் பொருளை மட்டும்தான் தகப்பனிடமிருந்து பழகியிருந்தாள். கட்டுப்போட்ட முழங்காலைப் பார்த்துச் சிரித்தாள். “இந்தக் காலோடயோ, அப்பா?”

“மெல்ல,” என்றார். “மெல்லத்தான்.”

சுவரில் சாய்த்திருந்த ஊன்றுகோல்களை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.