படத்தில் என் மனைவி அழுத இடம்

பிளவக்கல் அணைக்குக் குளிக்கப் போன என் மகன் தண்ணீரோடு போய்விட்டான். ஊருக்கு வெளியே செத்தவர் உடலை எங்கள் ஊருக்குள் கொண்டுவர மாட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சுடுகாட்டுக்குத்தான். பெண்கள் அங்கே வருவதில்லை. என் மனைவி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அழவும் இல்லை. காரியம் முடிந்ததும் களையெடுக்கப் போய்விட்டாள்.

மறு வருசம் செண்பகத்தோப்புப் பக்கம் சினிமா எடுத்தார்கள். சாவு வீட்டுக் காட்சிக்குப் பெண்கள் வேண்டும் என்று எங்கள் சோழபுரத்துக்கு வேன் வந்தது. இவளும் ஏறினாள். நானும் கூடப் போனேன். அங்கே ஒரு நடிகன் பிணமாகப் படுத்திருந்தான். மற்றப் பெண்கள் கேமராவைப் பார்த்துக் கூச்சத்தில் சிரித்தார்கள். இவள் நேராகப் போய் அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"ஏலே பாவி, சோறு ஆறுதுன்னு சொன்னேன்லலே, கேட்டியாலே!"

எங்கள் பக்கம் செத்தவனை வைதுதான் அழுவார்கள். எங்கள் மகன் பேரைச் சொல்லி வைதாள். உதவியாளர் ஒருவர், கதையில் வேறு பேர் என்றார். "இருக்கட்டும், அப்படியே வைப்போம்" என்றார் டைரக்டர்.

அதற்குப் பிறகு படம் எப்போது வரும், அவன் பேர் வருமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

படம் வந்த அன்று அவளுக்குக் காய்ச்சல். "நீங்க போங்க, நான் பொறவு பாத்துக்கிடுதேன்" என்றாள். ஊரே வேன் பிடித்து ராஜபாளையம் போனது. ஜனம் எப்படிப் பார்க்கிறது என்று பார்க்க டைரக்டரும் வந்து கடைசி வரிசையில் இருந்தார்.

இவள் முகம் வந்ததும் எங்கள் ஆட்கள் எழுந்துவிட்டார்கள். ஒரே விசில். காகிதம் பறந்தது.

"மதினி, எங்கப்பன் செத்தாலும் நீதான் வந்து அழணும்!"

"ஒங்கப்பன் எங்கலே சாவான்? நம்மள எல்லாம் தூக்கிப் போட்டுட்டுத்தான் போவான்!"

தியேட்டரே சிரித்தது. அவள் சொன்ன பேர் யார் காதிலும் விழவில்லை. அடுத்து ஹீரோ அழுதார். அதற்கும் சிரித்தார்கள்.

இடைவேளையில் டைரக்டர் முகம் கறுத்திருந்தது. போய்ச் சொன்னேன். "கேலி இல்ல சார். நம்ம ஆளுன்னு சந்தோசத்துல கத்துதாக. தெரிஞ்ச மொகம் வந்து சும்மா இருந்தா மரியாத இல்லன்னு நெனைப்பாக."

"சாவு வீட்டுல சிரிச்சுட்டா அப்புறம் படம் எந்திரிக்காதுண்ணே" என்றார். போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

காய்ச்சல் விட்டதும் அவளை ஸ்ரீவில்லிபுத்தூர் தியேட்டருக்குக் கூட்டிப் போனேன். கூட்டம் இல்லை. சாவு வீடு வந்தது. பந்தல், பிணம், ஹீரோ. உடனே பாட்டு வந்துவிட்டது.

"எங்க, நான் இன்னும் வரலையே?"

"வெட்டிட்டாக. அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாகல்ல, அதான்."

படம் முடியும் வரை எழுந்திருக்கவில்லை. வெளியே வந்த பிறகுதான் கேட்டாள்.

"அன்னைக்கு அவன் பேரு நல்லாக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றேன்.