சைக்கிள் நின்ற பிறகு என்ன ஆச்சு?

ஒரு மாதத்துக்கு முன்பு ஒரு காலை. வாயில் பிரஷ்ஷோடு நிற்கிறேன், போன் அடிக்கிறது. எடுத்தால், வசந்தி.

"சார், ஒரு ஹெல்ப். மாட்டேன்னு சொல்லக் கூடாது."

இப்படி ஆரம்பிப்பவர்களிடம் நான் வழக்கமாக மாட்டேன் என்றுதான் சொல்வேன். ஆனால் வாய் முழுக்க நுரை. "ம்ம்" என்றுதான் வந்தது. அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டுவிட்டாள்.

"எங்கண்ணன டப்பிங் பேச வைக்கணும் சார். நீங்கதான் கூட்டியாரணும்."

நுரையை விழுங்கிவிட்டேன். அண்ணனும் தங்கையும் பேச்சை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. அது எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் முதலியார்பேட்டைக்கும் உப்பளத்துக்கும் தெரியும்!

யார் இந்த வசந்தி? சொல்கிறேன்.

முதலியார்பேட்டைக்காரி. வயது முப்பத்தெட்டு. சினிமா எடுக்கிறாள். கம்பெனி கிடையாது, கேரவன் கிடையாது. கேமரா இரவல். நடிகர்கள் அக்கம்பக்கத்தார். லொக்கேஷன் என்றால், அன்றைக்கு யார் வீட்டில் ஆள் இல்லையோ அந்த வீடு. எடுப்பதெல்லாம் காமெடி.

அதற்கு முன்பு நெல்லித்தோப்பில் ஒரு ஸ்டுடியோவில் பத்து வருஷத்துக்கு மேல் கல்யாண வீடியோ எடிட் செய்துகொண்டிருந்தாள். தாலி கட்டும் நேரத்தில் கேமராவுக்குக் குறுக்கே சாம்பார் வாளி போகும். மாப்பிள்ளை கொட்டாவி விடுவார். மாமனார் மைக்கில் யாரையோ திட்டுவது பதிவாகியிருக்கும். "எல்லாத்தையும் வெட்டிடும்மான்னு சொல்வாங்க சார். வெட்டுவேன். ஆனா வெட்டினதுதான் எனக்கு ராத்திரி சாப்பிடும்போது ஞாபகம் வந்து புரையேறும்" என்பாள்.

ஒருநாள் வேலையை விட்டாள். முதல் படம் பத்து நிமிஷம். குரூப் போட்டோவுக்கு நிற்க வைத்துவிட்டு எல்லாரும் சாப்பிடப் போய்விட, அசையாமல் அங்கேயே நிற்கும் ஒரு சித்தப்பாவின் கதை. பார்த்துச் சிரித்ததில் வயிறு வலித்தது எனக்கு.

இன்னொரு படத்தில் என்னையும் நடிக்க வைத்தாள். டாக்டர் வேஷம். எடிட்டிங் முடிந்தபோது என் வலது கை மட்டும் மிஞ்சியிருந்தது. கை இயல்பாக நடித்திருப்பதாகப் பலரும் பாராட்டினார்கள்.

அவள் அண்ணன் குணசேகரன் என் பள்ளித் தோழன். உப்பளத்தில் மைக் செட் கடை. ஆட்டோவின் தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக அறிவிப்பு செய்வான். கோயில் திருவிழா, ரத்ததான முகாம், தள்ளுபடி விற்பனை, மரண அறிவிப்பு... எல்லாவற்றுக்கும் அதே வெண்கலக் குரல். முகம் தெரியாதவர்களுக்கும் குணாவின் குரல் தெரியும்.

அந்தக் குரலால்தான் வந்தது வினை.

இரண்டரை வருஷத்துக்கு முன்பு ஒரு காலையில், ஏழுமலை என்ற பெரியவர் இறந்துபோனார். அவர் தம்பி தட்சிணாமூர்த்தி, மில்லில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அறிவிப்பு செய்யச் சொல்லி குணாவிடம் ஒரு துண்டுச்சீட்டு வந்தது. அதில் இரண்டு பெயர், ஒரு 'அண்ணன்', நடுவில் ஓர் அம்புக்குறி. குணா கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தான். அம்புக்குறியைத் தலைகீழாகப் படித்துவிட்டான்.

விளைவு? "தட்சிணாமூர்த்தி அவர்கள் இன்று காலை காலமானார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்... இப்படிக்கு, அண்ணன் ஏழுமலை!"

போய்ச் சேர்ந்தவர் வருத்தம் தெரிவிக்கிறார். உயிரோடு இருப்பவர் பூக்கடையில் அண்ணனுக்கு மாலை வாங்கிக்கொண்டிருக்கிறார். தன் மரணச் செய்தியைத் தானே கேட்டவர், மாலையை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஆட்டோவைத் துரத்தியிருக்கிறார். கத்தியிருக்கிறார். ஸ்பீக்கர் சத்தத்தில் குணாவுக்கு எப்படிக் கேட்கும்? நாலு தெரு.

இதைக் கேள்விப்பட்ட வசந்தி சும்மா இருப்பாளா? குறும்படமாக எடுத்தாள். நெட்டில் போட்டாள். படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. கடைசி ஷாட்டில் சைக்கிள்காரர் ஆட்டோவை மடக்கி 'பளார்' என்று ஓர் அறை விடுவார். படம் முடியும்.

அதற்குப் பிறகு குணாவால் டீக்கடையில் நிற்க முடியவில்லை. "அண்ணே, இன்னைக்கு யாரு?" என்பார்கள். "நான் இருக்கேனா, போயிட்டேனா, சீட்டப் பாத்து சொல்லுங்கண்ணே" என்பார்கள். சிலர் மரண அறிவிப்பை வேறு ஆளிடம் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

குணா தங்கையிடம் சண்டைகூடப் போடவில்லை. பேச்சை நிறுத்தினான், அவ்வளவுதான். பொங்கலுக்கும் போகவில்லை. அவள் வந்தால் இவன் எழுந்து கடைக்குள் போய் ஒயர் சுற்றுவான்.

இந்த லட்சணத்தில், அதே கதையை முழுநீளப் படமாக எடுத்துவிட்டாள் வசந்தி. குணா வேஷம் போட்டவருக்குச் சென்னையில் சீரியல் வாய்ப்பு வந்து, டப்பிங் பேசாமலே பஸ் ஏறிவிட்டார். திரையிடத் தேதி குறித்து, மண்டபமும் சொல்லியாயிற்று. யார் யாரையோ பேச வைத்துப் பார்த்திருக்கிறாள். ஆட்டோ ஸ்பீக்கரில் வரும் அந்தக் குரல் மட்டும் யாருக்கும் வரவில்லை.

வருமா? அது ஊரில் ஒருவனிடம்தானே இருக்கிறது!

கடைக்குப் போனேன். ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். நிமிரவில்லை.

"என்னை வச்சி சிரிச்சதுக்கு, இப்ப நானே வந்து பேசணுமா? போடா வேலையப் பாத்துக்கினு."

எனக்கு வேறு வழி தெரியவில்லை. "சரி விடு. மெட்ராஸ்லருந்து ஒரு ஆளக் கூட்டியாரப் போறாங்களாம்" என்றேன். பொய்தான். மன்னிக்கவும்.

ஸ்குரூ டிரைவர் நின்றது.

"மெட்ராஸ்காரனா? அவனுக்கு உப்பளம்னு ஒழுங்கா சொல்ல வருமாடா?"

"வராதுதான்."

ஆம்ப்ளிஃபயரை ஓரமாகத் தள்ளினான். "டப்பிங் மட்டுந்தான். அவகிட்ட பேச மாட்டேன்."

டப்பிங் ஸ்டுடியோ என்பது உப்பளத்தில் ஒரு மாடி அறை. சுவரெல்லாம் பழைய மெத்தை. கீழே வீட்டுக்கார அம்மாள், பிரெஞ்சு அரசாங்கப் பென்ஷன் வாங்குபவர். எல்லாருக்கும் அவர் 'மதாம்', பிரெஞ்சில் அம்மணி. குணா முதல் வரியைப் பேசியதும் கீழேயிருந்து துடைப்பக் கட்டையால் கூரையில் இடித்து, "சிலான்ஸ்!" என்று ஒரு சத்தம். வாயை மூடு என்பதற்குப் பிரெஞ்சு. இத்தனை வருஷத்தில் குணாவை அடக்கிய முதல் மனிதர் அவர்தான்.

கம்ப்யூட்டர் முன்னால் வசந்தி. மைக் முன்னால் குணா. நடுவில் நான்... எதற்கு? தபால்காரன் வேலைக்கு.

"அண்ணன இன்னும் கொஞ்சம் வேகமாப் பேசச் சொல்லுங்க சார்."

"வேகமாப் பேசுனா தெருவுல யாருக்கும் புரியாதுன்னு சொல்லுடா அவகிட்ட."

இருவருக்கும் இடையே ஆறடி தூரம். காலையிலிருந்து மத்தியானம் வரை இப்படியே. ஆனால் ஒன்று. குணா வரிகளைத் திருத்தத் திருத்த, படம் சிரிப்பாகிக்கொண்டே போனது. எனக்கே தெரிந்தது. வசந்தி திரும்பி உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கடைசிக் காட்சி வந்தது. திரையில் சைக்கிள்காரர் ஆட்டோவை மடக்குகிறார். கையை ஓங்குகிறார். பளார்.

குணா 'ஐயோ' என்று கத்த வேண்டும். கத்தவில்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்தான்.

"அவர் அறையலடா" என்றான் என்னிடம். "அறையலன்னு சொல்லு அவகிட்ட."

நான் வாயைத் திறப்பதற்குள் அவனே அவள் பக்கம் திரும்பிவிட்டான்.

"ஊரே சிரிச்சிது, அது போவட்டும். நீயும் சிரிச்ச, அதுவும் போவட்டும். அந்த மனுஷன் சைக்கிள நிறுத்தினப்புறம் இன்னா ஆச்சுன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டியா வசந்தி?"

இரண்டு வருஷத்தில் முதல் வார்த்தை. வசந்தி மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"கேக்கலண்ணே" என்றாள். பிறகு, "இன்னா ஆச்சு?"

குணா சொன்னான். அன்றைக்கு வண்டியை நிறுத்தி இறங்கியபோது, அறைதான் விழப்போகிறது என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டானாம். தட்சிணாமூர்த்திக்கு மூச்சு வாங்குகிறது. ஹேண்டில்பாரில் மாலை பாதி உதிர்ந்து கிடக்கிறது. குணா கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறான்.

"அவர் சொன்னாரு... 'என்னைச் சாவடிச்சது இருக்கட்டும்யா. எங்கண்ணன் உசுரோட இருந்து சொல்ற மாதிரி சொன்னியே... அத இன்னொரு வாட்டி சொல்லு. கேக்க நல்லா இருந்துது.'"

வசந்தி நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"சொன்னியா அண்ணே?" என்றாள் வசந்தி.

"சொன்னேன். மைக்க கம்மி பண்ணிட்டு, அவருக்கு மட்டும் கேக்கிற மாதிரி. 'இப்படிக்கு, அண்ணன் ஏழுமலை'ன்னு. மூஞ்சியத் தொடச்சிக்கினாரு. சைக்கிள ஒரு கடை வாசல்ல சாத்திட்டு, ஆட்டோல ஏறி என் பக்கத்துல உக்காந்தாரு. சீட்ட அவரே புடிச்சிக்கினாரு. 'இப்ப சரியாப் படி'ன்னாரு. நாலு தெருவையும் திரும்பச் சுத்தினோம். நடுவுல ஒரு எடத்துல, 'யோவ், ஏளுமலை இல்ல. ஏழுமலை. ழகரம் ஒழுங்கா வரல'ன்னு திட்டுனாரு."

சொல்லிவிட்டு குணா சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். வசந்தியும். நானும்தான், மறைப்பானேன்?

"அண்ணே, இதை எடுத்துக்கட்டுமா?"

"என்னைக் கேக்காத. அவரப் போய்க் கேளு."

படம் முடிந்துவிட்டதென்று ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று. போஸ்டர் அடித்தாயிற்று. மண்டபத்துக்கு இன்னும் மூன்று வாரம். அந்த 'பளார்' அறையோடு நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. சிரிப்பு நிச்சயம். ஆனால் வசந்தி அன்றைக்கே அந்தக் காட்சியை எடுத்து வீசிவிட்டாள்.

மறுநாள் மூவரும் தட்சிணாமூர்த்தி வீட்டுக்குப் போனோம். வசந்தி முதலில் மன்னிப்புக் கேட்டாள். "உங்ககிட்ட கேக்காமலே எடுத்துட்டேன்" என்றாள். பிறகுதான் புதுக் காட்சிக்கு அனுமதி கேட்டாள்.

அவர் சுவரில் மாட்டியிருந்த அண்ணன் போட்டோவைப் பார்த்தார். திரும்பினார்.

"முன்னாடி எடுத்த படம் பாத்தேம்மா. எனக்கு அது ஒண்ணும் கோவமில்ல. ஆனா என் வேஷத்துல ஒருத்தனப் போட்டியே, அவனுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியல. இந்தவாட்டி நானே ஓட்டுறேன்."

ஷூட்டிங் ஒரு விடியற்காலை. தெருவில் பால்காரரும் நாய்களும் மட்டும். துரத்தலை முதலிலிருந்து எடுத்தார்கள். ஆட்டோவை ஓட்டியது குணாவேதான். சென்னைக்குப் போன நடிகரின் சட்டை பத்தவில்லை, முன்பக்கம் ஊக்கு குத்தி முதுகை மட்டும் காட்டினார்கள். பெரியவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து குணா நத்தை மாதிரி ஓட்ட, அவர் ரெண்டே நிமிஷத்தில் பிடித்துவிட்டார்.

"யோவ், மெதுவா ஓட்டாதய்யா! எனக்கு மரியாதையா இருக்காது!"

மறுபடி எடுத்தார்கள். மறுபடி. நாலாவது டேக்கில் நிஜமாகவே மூச்சு வாங்க வந்து நின்றார். வசந்தி அவருக்கு வசனம் எதுவும் எழுதித் தரவில்லை. "அன்னைக்கு என்ன சொன்னீங்களோ, அத சொல்லுங்க" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

சொன்னார். வார்த்தை பிசகாமல்.

இப்போது குணா மைக்கில் சொல்ல வேண்டும். 'இப்படிக்கு' என்றான். நின்றுவிட்டது. ஊரையே எழுப்பும் குரல் வெளியே வரவில்லை. மறுபடி முயன்றான். உடைந்து, கரகரத்து, பாதிக் குரலில்தான் வந்தது 'அண்ணன் ஏழுமலை'.

வசந்தி 'கட்' சொல்லவில்லை. படத்தில் இருப்பது அந்த டேக்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை முதலியார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் திரையிட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலி போதாமல் மேடை ஓரத்திலெல்லாம் ஜனம். ஒன்றரை மணி நேரம் ஒரே சிரிப்பு. சைக்கிள் நின்றது. 'இன்னொரு வாட்டி சொல்லு' என்றார் பெரியவர். எனக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அடுத்து ஆட்டோவில் இருவரும் போகிறார்கள். 'ழகரம் ஒழுங்கா வரல' என்று திட்டு விழுந்ததும், முதல் வரிசையிலிருந்து ஒருத்தர் விழுந்து விழுந்து சிரித்தார். யார்? சாட்சாத் தட்சிணாமூர்த்தி! அதற்குப் பிறகு மண்டபத்தைப் பிடிக்க முடியவில்லை.

குணா கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தான். வெளியே வரும்போது நாலு பேர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "இன்னைக்கு யாரு?" என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். சிரிப்பு வந்த இடத்திலேயே கதையை வெட்டிவிடுகிறோமே... பிறகு என்ன ஆச்சு என்று எத்தனை பேரிடம் கேட்கிறோம்? பத்திரிகையில் எழுதிவரும் இந்தப் பத்தியில் நானே எத்தனை அண்டைவீட்டுக்காரர்களை, எத்தனை கண்டக்டர்களைப் பாதியில் நிறுத்தி உங்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன்! மீதிப் பாதியில் இதைவிடப் பெரிய சிரிப்பு இருந்திருக்கலாம். யார் கண்டது? கேட்டால்தானே தெரியும்.

நேற்று வசந்தி மறுபடி போன் செய்தாள். நல்லவேளை, வாயில் பிரஷ் இல்லை.

"சார், ஒரு ஹெல்ப். எங்கண்ணன் தெனமும் காலைல போன் பண்ணி, 'இத படமா எடு'ன்னு காமெடி காமெடியா சொல்றாரு. ஒண்ணுக்கும் சிரிப்பு வரல. நீங்க கொஞ்சம் சொல்லி நிறுத்துங்களேன்?"

மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்!